சென்னை எவ்வளவு தூரம்?



சில ஆண்டுகளுக்கு முன், ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வீடு அது. தமிழ்நாட்டில் நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்துவந்த அவருடைய அக்காள் காலமாகிவிட்டார். அக்காளுக்கு உடம்பு மோசம் என்று தொலைபேசியில் சேதி வந்த அன்றே, பெரியவரின் மகன் அலைந்து திரிந்து இரண்டு விமானச் சீட்டுகள் எடுத்துவிட்டான். அப்படியிருந்தும், பெரியவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

திரும்பி வந்த பெரியவர் என்னைப் பார்த்ததும் கேட்ட கேள்வி இது: "வாத்தியாரையா, நாலு மணி நேரத்துப் பயணம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏன் நாலு நாளாச்சு?"

அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலே இன்றைய பேச்சு. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு? அதைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு என்ன பொருள்? நம் லயத்து வாசலிலிருந்து உறவினர் வீட்டு வாசல்வரை உண்மையில் எத்தனை மணி நேரம்? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இதில் கொஞ்சம் கணக்கு உண்டு. பெரிய கணக்கல்ல.

முதலில் பழைய காலத்தை நினைத்துப் பார்ப்போம். நம் முன்னோர் கடல் கடந்து வந்தவர்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் வந்து இறங்கினார்கள். அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. நம் பெரியவர் 1951இல் சிறுவனாகத் தம் தகப்பனாரோடு வந்த கப்பலின் பெயர் 'ரஜூலா'. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973வரை இந்தக் கடலில் ஓடியது. நம் தோட்டங்களில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறும்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கடல்வழித் தூரம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அந்நாளையப் பயணிகள் கப்பல் மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 24 என்று வைத்துக்கொள்வோம். 2,300ஐ 24ஆல் வகுத்தால் 96 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது நிற்காமல் ஓடினாலே நான்கு நாள். இதனோடு சென்னையிலிருந்து நாகைக்கு வருவது, துறைமுகங்களில் ஆளும் சரக்கும் ஏற்றி இறக்குவது, பினாங்கிலிருந்து தெற்கே வருவது எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு வாரம். நோய் பரவிய காலமாயிருந்தால், பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் சில நாள் ஒதுக்கியும் வைத்துவிடுவார்கள்.

1968இல் பெரியவரின் தாயார் ஊரில் இறந்துபோனார். தோட்டத்து ஆபீசுக்குத் தந்தி வந்து சேரவே மூன்று நாள். அடுத்த கப்பலுக்கு இன்னும் பத்து நாள். கப்பலில் ஒரு வாரம். கூட்டிப் பார்த்தால் 20 நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. ஆகவே அவர் தோட்டத்து ஆற்றங்கரையிலேயே மொட்டையடித்து, இங்கேயே காரியம் செய்தார். அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் அப்படித்தான் செய்தார்கள்.

ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. அதன் பிறகு நமக்கு வழி ஆகாயமே.

இனித் தூரத்துக்கு வருவோம். கடலில் கல்லும் நட்டிருக்காது. வானத்தில் மைல் பலகையும் இருக்காது. அப்படியிருக்க, இவ்வளவு தூரம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் பூமி உருண்டை ஒன்று இருக்கும். அதில் கோலாலம்பூர் மேல் ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையைச் சென்னை வரை இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். அந்த நூல் கிடக்கும் கோடுதான் இரண்டு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி. நூல் எதன்மேல் போகிறது என்று பாருங்கள். மலாக்கா நீரிணையைத் தாண்டும். சுமத்திராவின் வடகோடியில் உள்ள அச்சேயைத் தொட்டுச் செல்லும். பெரிய நிக்கோபார் தீவின் அருகே போகும். பிறகு வங்காள விரிகுடா. அதன் மறுகரையில் சென்னை.

இதைக் கணக்காலும் கண்டுபிடிக்கலாம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதைப் போட்டுப் பார்க்கட்டும். கோலாலம்பூர் விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 101.7 பாகையில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 80.2 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 21.5 பாகை. நம் பகுதியில் ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஆகவே கிழக்கு மேற்காக ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். அட்சரேகையில் நாம் வடக்கே 2.7 பாகையிலும் சென்னை 13 பாகையிலும் உள்ளன. வித்தியாசம் பத்தேகால் பாகை சொச்சம். ஏறத்தாழ 1,140 கிலோமீட்டர். செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் தெரிந்தால் மூன்றாவது பக்கத்தைக் காணும் பைதகோரஸ் முறை தெரியுமல்லவா? 2,370ஐயும் 1,140ஐயும் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். விடை 2,630 கிலோமீட்டர். மைலில் சொன்னால் ஏறத்தாழ 1,630. பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால்தான் இந்த எளிய முறை இவ்வளவு சரியாக வருகிறது. லண்டன் போன்ற வடக்கே உள்ள தொலைதூர நகரங்களுக்கு இது பொருந்தாது. அங்கே பூமியின் வளைவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

தூரம் தெரிந்துவிட்டது. வேகம் என்ன? இந்த வழியில் பறக்கும் ஜெட் விமானங்கள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியவை. 2,630ஐ 830ஆல் வகுத்தால் மூன்று மணி 10 நிமிடம் வரும். பின் ஏன் நான்கு மணி நேரம் என்கிறார்கள்? விமானம் வாயிலை விட்டு நகர்ந்து, ஓடுபாதைக்குப் போய், முறை வரும்வரை காத்திருந்து, மெல்ல உயரம் ஏறவேண்டும். அதுபோலவே இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்து, வட்டமடித்து, தரை தொட்டு, வாயிலுக்கு வந்து நிற்கவேண்டும். மேலும் விமானம் அந்த நூல்கோட்டிலேயே பறப்பதில்லை. தரையிலிருந்து கட்டுப்படுத்துவோர் வகுத்துக் கொடுக்கும் வான்பாதையில்தான் அது பறக்கவேண்டும். இவையெல்லாம் சேர்ந்தே மூன்றே முக்கால் மணியோ நான்கு மணியோ ஆகிறது.

காற்றுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சைக்கிளில் போகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். காற்று முதுகில் அடித்தால் மிதிப்பது சுலபம். முகத்தில் அடித்தால் மூச்சு வாங்கும். விமானத்துக்கும் அப்படியே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வந்தால், 830 வேகம் 780 ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 880 ஆகும். இரண்டுக்கும் கணக்குப் போட்டால் 20 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடேஸ்வரம் என்ற அறிஞர். ஜூலை, ஆகஸ்டில் இங்கிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு அந்தத் திசைக் காற்று துணை. திரும்பி வருகிறவர்களுக்கு எதிர். குளிர்காலத்தில் இந்த நிலை மாறும். ஆகவே ஒரே வழியில் ஒருநாள் சீக்கிரமும் மறுநாள் தாமதமும் ஆனால், விமானியைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்து வருவது கடிகாரம். நம்மவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். விமானச் சீட்டைப் பார்த்த ஓர் அம்மாள் என்னிடம் சொன்னார்: "மாலை 6 மணிக்கு ஏறினா ஏழரைக்கு மெட்ராசாம்! ஒன்றரை மணி நேரத்துல போயிடுதே!" சீட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அம்மாள் ஒன்றைக் கவனிக்கவில்லை. புறப்படும் நேரம் மலேசியக் கடிகாரம் காட்டும் நேரம். சேரும் நேரம் இந்தியக் கடிகாரம் காட்டும் நேரம். எந்த ஊரின் பெயர் எழுதியிருக்கிறதோ அந்த ஊர்க் கடிகாரத்தின் நேரத்தையே அதற்கு எதிரே போடுவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம்.

நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே காலை 10 மணி என்றால் அங்கே காலை 7.30. ஆகவே ஒரு சின்ன விதியை எழுதிக்கொள்ளுங்கள். இங்கிருந்து போகும்போது, சீட்டில் தெரியும் வித்தியாசத்தோடு இரண்டரையைக் கூட்டவேண்டும். அங்கிருந்து வரும்போது இரண்டரையைக் கழிக்கவேண்டும். அம்மாளின் சீட்டில் 6 மணியிலிருந்து ஏழரைவரை ஒன்றரை மணி. அதனோடு இரண்டரையைக் கூட்டினால் நான்கு மணி. திரும்பும்போது இரவு 11.30க்குப் புறப்பட்டுக் காலை 6 மணிக்குச் சேரும் என்று போட்டிருந்தால், தெரியும் வித்தியாசம் ஆறரை மணி. இரண்டரையைக் கழித்தால் அதே நான்கு மணி. பார்த்தீர்களா? போக ஒன்றரை, வர ஆறரை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இந்த இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை. நமக்கும் சென்னைக்கும் 21.5 பாகை வித்தியாசம் என்று பார்த்தோம். அந்தக் கணக்குப்படி சூரியன் நமக்கு உச்சிக்கு வந்து 86 நிமிடம் கழித்துத்தான் சென்னையில் உச்சிக்கு வரும். சூரியக் கணக்கு ஒன்றரை மணிக்கும் குறைவு. கடிகாரக் கணக்கோ இரண்டரை மணி. இடையில் உள்ள ஒரு மணிச் சொச்சம் எப்படி நுழைந்தது?

அது மனிதர் வகுத்தது. இந்தியா 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துத் தன் நேரத்தை அமைத்துக்கொண்டது. சென்னை அதற்கு அருகிலேயே இருக்கிறது. நாமோ இருக்கும் இடத்துக்கு வெகு கிழக்கே உள்ள 120 பாகை ரேகையின் நேரத்தைப் பின்பற்றுகிறோம். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. சபா, சரவாக் மாநிலங்களுக்கும் நமக்கும் ஒரே நேரம் இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதற்கு முன் நமக்கும் இந்தியாவுக்கும் இருந்த வித்தியாசம் இரண்டு மணிதான். நம் சிரம்பானில் கடிகாரம் 7 மணி காட்டும்போதுதான் ஏறக்குறைய விடிகிறது என்பதற்கும் இதுவே காரணம். காலையில் பெரட்டுக்கு நின்றவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மணி மாறியது, சூரியன் மாறவில்லை. நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு இருட்டில் மரத்தடிக்குப் போன கால்களுக்கு அந்த அரை மணியின் அருமை தெரியும்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவருடைய சீட்டில் 12ஆம் தேதி, 00:20 என்று அச்சிட்டிருந்தது. 00:20 என்றால் நள்ளிரவு 12 மணி தாண்டி 20 நிமிடம். மகன் என்ன நினைத்தான்? 12ஆம் தேதி வேலை முடித்து, குளித்துச் சாப்பிட்டு, அன்று இரவு போனால் சரியாக இருக்கும் என்று நினைத்தான். இருவரும் 12ஆம் தேதி இரவு 9 மணிக்கு விமான நிலையம் போய் நின்றார்கள். விமானம் அதற்கு முன் இரவே போய்விட்டது. 12ஆம் தேதி பிறந்து 20 நிமிடத்தில் அது பறந்துவிட்டது. அதற்கு அவர்கள் 11ஆம் தேதி இரவு 9 மணிக்கே அங்கே இருந்திருக்கவேண்டும்.

அடுத்து இடம் கிடைத்தது 15ஆம் தேதி இரவுதான். 14ஆம் தேதி காலையில் அக்காளின் உயிர் பிரிந்தது. 16ஆம் தேதி இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த மகன், உழைப்பாளி, தகப்பனார்மேல் உயிராக இருப்பவன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நமக்கு இரவு என்பது விடியும்வரை நீளும் ஒரே இரவு. விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது நம் வழக்கம். கடிகாரத்துக்கு அது தெரியாது. நள்ளிரவு 12 அடித்தால் அதற்குத் தேதி மாறிவிடும்.

ஆகவே நேயர்களே, சீட்டில் 00 என்றோ 01, 02 என்றோ தொடங்கும் நேரம் இருந்தால், உடனே வீட்டு நாட்காட்டியை எடுங்கள். சீட்டில் உள்ள தேதிக்கு முந்தின நாளில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள், 'இன்று இரவு விமான நிலையம்' என்று எழுதுங்கள். தொலைபேசியில் குறித்து வைத்தாலும் சுவரில் உள்ள நாட்காட்டியில் எழுதுங்கள். வீட்டில் உள்ள எல்லோர் கண்ணிலும் படும்.

கடைசியாக, வாசலிலிருந்து வாசல்வரை உள்ள கணக்கு. பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒரு குடும்பம் நாமக்கல்லுக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1965இல் திறந்த சுபாங் விமான நிலையத்திலிருந்து பறந்த காலத்தில், சிரம்பான் வந்து, கோலாலம்பூரைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. 1998இல் சிப்பாங்கில், செம்பனை வளர்ந்திருந்த நிலத்தில், புதிய விமான நிலையம் திறந்தபின் நம் மாநிலத்துக்கு வழி சுருங்கிவிட்டது. நீலாய், லாபு பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஏறக்குறைய அடுத்த ஊர்தான். பகாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வாகனத்தில் இரண்டு மணி என்று வையுங்கள். விமானம் புறப்பட மூன்று மணி முன்னதாக அங்கே இருக்கவேண்டும். அங்கே முனையங்கள் இரண்டு உண்டு. எந்த முனையம் என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான முனையத்தில் இறங்கிவிட்டால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மற்றதற்கு ரயிலோ பேருந்தோ பிடிக்கவேண்டும். பறப்பதற்கு நான்கு மணி. இறங்கியபின் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது, சுங்கச் சோதனை இவற்றுக்கு ஒன்றரை மணி. இதுவரை பத்தரை மணி நேரம்.

இதற்கு மேல்தான் சூட்சுமம் இருக்கிறது. சென்னையில் இறங்கினால் நாமக்கல்லுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் தரைவழி. வண்டி பிடித்து, வழியில் சாப்பிட்டுப் போனால் எட்டு மணி நேரம். ஆக மொத்தம் பதினெட்டரை மணி. ஆனால் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் நேராக விமானம் உண்டு. வான்வழியில் திருச்சி சென்னையைவிட 60 கிலோமீட்டர்தான் அதிகத் தூரம், ஏறத்தாழ 2,690. விமானத்துக்கு 60 கிலோமீட்டர் என்பது ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும். திருச்சியிலிருந்து நாமக்கல்லுக்கோ 100 கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டரை மணி போதும். மொத்தம் 13 மணி. ஐந்தரை மணி நேரம் மிச்சம்!

நம் பெரியவர் சென்னை வழியாகத்தான் போனார். மெட்ராஸ் என்ற பெயர்தான் அவருக்குத் தெரிந்த பெயர். கப்பல் காலத்துப் பழக்கம் அது. ஆகவே பெயர் பெற்ற ஊரைப் பார்க்காதீர்கள். போகவேண்டிய கிராமத்துக்குப் பக்கத்து விமான நிலையம் எது என்று பாருங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், கரூர், நாமக்கல் பக்கத்தார்க்குத் திருச்சி கிட்டம். வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்தார்க்குச் சென்னை கிட்டம். அவசரமில்லாத பயணத்தில் விலை மலிவு எது என்று பார்க்கலாம். உயிர் ஊசலாடும்போது மணிக்கணக்கைத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 13 மணி நேரம் என்று நாம் போட்ட கணக்கு, கையில் கடப்பிதழ் இருப்பவர்களுக்கே. அது காலாவதியாகியிருந்தால், 2,630 கிலோமீட்டரும் எட்டாத தூரம்தான். பயணத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ் வேண்டும். இந்தியாவுக்கு விசாவும் வேண்டும். அதன் விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறும், ஆகவே பயணத்துக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கடப்பிதழ் எடுக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தும், பத்திரம் சரியில்லாததால் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் காரியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளை பிறந்ததும் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். ஊரில் வயதான உறவினர் இருப்பவர்கள், சேதி வரும்வரை காத்திராமல் கடப்பிதழைப் புதுப்பித்து வைத்திருங்கள். சேதி வந்தபின் ஓடினால் நாட்கள் அங்கேதான் போகும்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். நான்கு மணி என்பது விமானத்தின் கணக்கு. நமக்குள்ள கணக்கு நான்கு பகுதி கொண்டது. முதலாவது, வாசலிலிருந்து வாசல்வரை எத்தனை மணி என்பது. இரண்டாவது, சீட்டில் உள்ள நேரம் எந்த ஊர்க் கடிகாரம் என்பது. மூன்றாவது, நள்ளிரவு தாண்டினால் எந்தத் தேதி என்பது. நான்காவது, கையில் உள்ள பத்திரங்கள் சரியா என்பது. இந்த நான்கும் சரியாக இருந்தால், காலையில் தோட்டத்தில் கிளம்பியவர் அன்று இரவே உறவினர் முகத்தைப் பார்க்கலாம். நம் பாட்டன்மாருக்கு 20 நாளிலும் கிட்டாத பாக்கியம் அது. ஒன்று தவறினாலும் நான்கு மணி நான்கு நாளாகிவிடும்.

இதையெல்லாம் பிறகு ஒருநாள் பெரியவரிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மகனைத் திட்டவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, "இந்தக் கணக்கை நீ எழுதி வச்சுக்கம்மா" என்றார். அந்தப் பெண் ஒரு அட்டையில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். 'போகும்போது இரண்டரை கூட்டு. வரும்போது இரண்டரை கழி. 00 என்றால் முந்தின இரவு. நாமக்கல்லுக்குத் திருச்சி.' நான்கே வரிகள்தான். பெரியவருடைய அக்காளின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நல்லதோ கெட்டதோ, இனியும் சேதி வரும். அந்த வீட்டில் யாரும் இனித் தேதி தவறமாட்டார்கள்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்த நான்கு வரிகள் இருக்கட்டும். நான்காவது வரியில் மட்டும் உங்கள் ஊரின் பெயரையும், அதற்குப் பக்கத்து விமான நிலையத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.